ஹிங்க்லி சந்திப்பு: எரிந்த ஊரும் எழுந்த ஊரும்



நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஹிங்க்லி என்ற சிற்றூரின் வரலாறு. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகருக்கும் சுப்பீரியர் ஏரிக் கரையிலுள்ள டுலூத் துறைமுகத்துக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கிறது அந்த ஊர். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 1, சனிக்கிழமை பிற்பகலில் காட்டுத்தீ அதை விழுங்கியது. சுற்றிலும் இருந்த ஐந்தாறு ஊர்களும் சேர்ந்து அழிந்தன. நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அரசாங்கக் கணக்குப்படி இறந்தவர்கள் 418 பேர். அந்த ஊர் அதே இடத்தில், அதே தண்டவாளங்களின் ஓரத்தில், மறுபடியும் எழுந்து இன்றைக்கும் இருக்கிறது.

எரிந்த ஊர் மீண்டும் எழுந்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் எழுதிவிடும். அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, இடிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்டுவது. இரண்டாவது, போன பிழைப்புக்கு வேறு பிழைப்பைத் தேடிக்கொள்வது. மூன்றாவது, எரிந்ததற்கு யார் பொறுப்பு, எது காரணம் என்று கேட்டு, அதற்கு விடை கண்டு, அந்த விடையைச் சட்டமாகவும் பழக்கமாகவும் ஆக்குவது. முதல் வேலை மாதங்களில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு தலைமுறை ஆகும். மூன்றாவது வேலையைப் பெரும்பாலான ஊர்கள் தொடுவதே இல்லை. ஹிங்க்லியின் கதையில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. அதனால்தான் இந்தச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊர் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1837இல் அந்த மண்ணின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களோடு அமெரிக்க அரசாங்கம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் வழியாக இந்தப் பகுதியின் பெரும் பைன் காடுகள் வெள்ளையர் கைக்கு வந்தன. நிலத்தைவிட மரத்துக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கை என்றே அதைச் சொல்லலாம். வெள்ளைப் பைன் நேராகவும் நெடிதாகவும் வளரும், எடை குறைவு, அறுப்பதற்கு இளக்கமானது. வளர்ந்துகொண்டிருந்த நகரங்களின் வீடுகளெல்லாம் அந்த மரத்தில்தான் எழும்பின.

மரம் இருந்தால் போதாது, அதைக் கொண்டுபோக வழி வேண்டும். 1870இல் செயின்ட் பாலிலிருந்து டுலூத்துக்கு ரயில் பாதை போட்டு முடித்தார்கள். அந்தப் பாதையின் நடுவில் முளைத்த நிலையம்தான் ஹிங்க்லி. ரயில் கம்பெனியில் முதலீடு செய்திருந்த ஐசக் ஹிங்க்லி என்பவரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 1880களின் இறுதியில் இன்னொரு பாதையும் வந்தது. ஜேம்ஸ் ஜே. ஹில் என்ற பெரும் ரயில்வே முதலாளியின் கிரேட் நார்தர்ன் குழுமத்தைச் சேர்ந்த ஈஸ்டர்ன் மினசோட்டா பாதை அது. இரண்டும் ஹிங்க்லியில் குறுக்கிட, ஊர் ஒரு சந்திப்பாயிற்று. இரண்டு ஸ்டேஷன்கள், இஞ்சின் நிறுத்தும் ரவுண்ட் ஹவுஸ், தண்ணீர்த் தொட்டி, தங்கும் விடுதிகள், பள்ளிக்கூடம், தேவாலயங்கள் எல்லாம் எழுந்தன. கிரைண்ட்ஸ்டோன் ஆற்றங்கரையில் பிரென்னன் கம்பெனியின் மரம் அறுக்கும் ஆலை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. தீப்பிடித்த நாளில் ஏறத்தாழ 1,500 பேர் அங்கே வாழ்ந்தார்கள்.

ஊரை உண்டாக்கியது ரயில். ஊருக்கு வந்த ஆபத்திலும் ரயிலுக்குப் பங்கு உண்டு. எப்படி என்று விளக்குகிறேன்.

அந்தக் காலத்து மரவெட்டிகள் அடிமரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளை, நுனி, பட்டை எல்லாவற்றையும் வெட்டிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கழிவு காடெங்கும் குவிந்து காய்ந்தது. அதன் நடுவே நாள்தோறும் நீராவி இஞ்சின்கள் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி தெறிக்க ஓடின. பாதையோரத்துப் புல்லிலும் சருகிலும் சிறுசிறு நெருப்பு பிடிப்பது அங்கே வழக்கம். யாரும் அதைச் செய்தியாகவே நினைக்கவில்லை. நிலத்தை உழவுக்குத் திருத்த வந்த குடியேறிகளும் மரக்கட்டைகளைக் கொளுத்தித்தான் வழி செய்துகொண்டார்கள். 1894 கோடையில் மே மாதம் தொடங்கி மழையே இல்லை என்று சொல்லலாம். வாரக்கணக்கில் புகை சூழ்ந்திருந்தது. புகையோடு வாழப் பழகிவிட்ட மக்களுக்கு அது எச்சரிக்கையாகப் படவில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி தெற்கே மிஷன் கிரீக் பக்கமிருந்து ஒரு தீயும், தென்மேற்கே போக்கெகாமா பக்கமிருந்து ஒரு தீயும் காற்றோடு கிளம்பின. மேலே மூடிபோல் படிந்திருந்த காற்றடுக்கு சூட்டையும் எரிவாயுக்களையும் கீழேயே அமுக்கி வைத்திருந்தது. இரண்டு தீயும் ஹிங்க்லிக்கு அருகே ஒன்று சேர்ந்தபோது வெப்பம் அந்த அடுக்கைப் பிளந்துகொண்டு மேலெழுந்தது. காலியான இடத்துக்குச் சுற்றிலுமிருந்த காற்று பாய்ந்து வந்தது. நெருப்பு தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்த நிலையைத்தான் நெருப்புப் புயல் என்கிறோம். அதன் முன் தண்ணீர்க் குழாயும் வாளியும் நிற்காது. ஊரில் நீராவியால் இயங்கும் தீயணைப்பு இயந்திரம் இருந்தது. ஊரார் துணிந்து போராடவும் செய்தார்கள். காற்று கூரைகளுக்கு மேலாகவே கொள்ளிகளை அள்ளி வீசியபோது, ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்துபோயிற்று.

எங்கே ஓடுவது? உயிர் பிழைத்தவர்களின் கதையைக் கூர்ந்து பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ரயில்வேயைச் சுற்றியே இருக்கின்றன.

ஈஸ்டர்ன் மினசோட்டா பாதையில் எட்வர்ட் பாரி ஓட்டி வந்த கூட்ஸ் வண்டியும் வில்லியம் பெஸ்ட் ஓட்டி வந்த பயணிகள் வண்டியும் நின்றிருந்தன. இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். பயணிகள் பெட்டி, சரக்குப் பெட்டி என்று பார்க்காமல் மக்கள் ஏறினார்கள். பெட்டிகளின் வண்ணப்பூச்சு சூட்டில் கொப்பளிக்கத் தொடங்கிய பிறகும், வண்டியை எடுங்கள் என்று மற்றவர்கள் அவசரப்படுத்திய பிறகும், பெஸ்ட் பிரேக்கை விடவில்லை. இன்னும் ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார். ஏறத்தாழ 500 பேரை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிய அந்த வண்டி, சாண்ட்ஸ்டோன் ஊரருகே கெட்டில் ஆற்றின் மேலுள்ள உயரமான பாலத்தைக் கடந்தது. பாலம் அப்போதே தீப்பிடித்திருந்தது. வண்டி கடந்த சில நிமிடங்களில் அது இடிந்து விழுந்தது. வழியில் சாண்ட்ஸ்டோன் மக்களையும் ஏறச் சொல்லி எச்சரித்தார்கள், பெரும்பாலோர் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஊரும் எரிந்தது. ஆற்றில் இறங்கியவர்கள் பிழைத்தார்கள்.

மற்றொரு பாதையில், டுலூத்திலிருந்து தெற்கு நோக்கி ஜேம்ஸ் ரூட் என்ற டிரைவர் ஒரு பயணிகள் வண்டியைக் கொண்டு வந்தார். ஹிங்க்லிக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல் இருக்கும்போது தண்டவாளத்தின் மேலேயே மக்கள் ஓடி வருவதைக் கண்டு நிறுத்தினார். அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனார். ஐந்தாறு மைல் தள்ளி ஸ்கங்க் ஏரி என்ற ஆழமில்லாத சேற்றுக் குளம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். வழியெங்கும் பெட்டிகள் எரிந்தன. இஞ்சின் அறையின் கண்ணாடி வெடித்து ரூட்டின் கழுத்தைக் கிழித்தது. ஃபயர்மேன் ஜான் மெக்கோவன் டிரைவரின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவரை நினைவோடு வைத்திருந்தார். பெட்டிகளுக்குள் ஜான் பிளேர் என்ற கறுப்பின ஊழியர் தீயணைப்புக் கருவியோடு முன்னும் பின்னும் நடந்து பயணிகளை அமைதிப்படுத்தினார். பெண்களும் குழந்தைகளும் முதலில் இறங்கும்படி பார்த்துக்கொண்டார். ஏறத்தாழ 300 பேர் அந்தச் சேற்றில் படுத்து உயிர் தப்பினார்கள். நிற வேற்றுமை சட்டமாகவே வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில் பிளேரின் துணிவை அன்றைய மக்கள் வெளிப்படையாகப் பாராட்டிப் பரிசளித்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ரயிலில் ஏற முடியாதவர்களில் சுமார் 100 பேர் ஒரு சரளைக் குழிக்குள் இறங்கினார்கள். தண்டவாளத்தின் அடியில் கொட்டும் சரளைக்காக ஈஸ்டர்ன் மினசோட்டா ரயில்வே தோண்டிவிட்டுப் போன பள்ளம் அது. தேங்கிய தண்ணீரோடு ஊருக்கு அழகைக் கெடுக்கிறது என்று ஊரார் குறைப்பட்டுக்கொண்டிருந்த குழி. அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியும் ஈரத் துணியைப் போர்த்தியும் கிடந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தார்கள். வடக்கே சாலை வழியாக ஓடியவர்கள் ஒரு சதுப்பில் அகப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே இடத்தில் மாண்டார்கள்.

தாமஸ் டன் என்ற இளம் தந்திக்காரரையும் சொல்லியாக வேண்டும். ரூட்டின் வண்டி வருகிறதா, அதை எங்கே நிறுத்துவது என்ற தகவலுக்காகக் கடைசி வரை ஸ்டேஷனில் தந்திப் பொறியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. ஆற்றங்கரையில் இறந்தார். இந்த அவையில் கன்ட்ரோல் ரூமிலும் ஸ்டேஷனிலும் இரவுப் பணி பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். தன்னைத் தாண்டி ஒரு வண்டி வந்துகொண்டிருக்கும்போது இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, எழுந்த ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

மறுநாள் காலையில் ஹிங்க்லியில் நின்றிருந்தவை ரவுண்ட் ஹவுஸ், தண்ணீர்த் தொட்டி போன்ற ஒரு சில மட்டுமே. சைடிங்கில் நின்ற சரக்குப் பெட்டிகளின் சக்கரம் தண்டவாளத்தோடு உருகி ஒட்டியிருந்தது. கடைகளிலிருந்த ஆணிப் பெட்டிகள் ஒரே இரும்புக் கட்டியாகியிருந்தன. தெற்கே 14 மைல் தொலைவிலுள்ள பைன் சிட்டியும், வடக்கே டுலூத்தும் காயம்பட்டவர்களை ஏற்றுக்கொண்டன. முதலில் சீராக்கப்பட்டது ரயில் பாதைதான். மருத்துவர்கள், சவப்பெட்டிகள், கம்பளிகள், ரொட்டி, பிறகு பலகைகள், ஆணிகள், அடுப்புகள் என்று எல்லாம் அந்தப் பாதையில்தான் வந்து இறங்கின.

ஆளுநர் க்னூட் நெல்சன் ஒரு மாநில நிவாரணக் குழுவை நியமித்தார். மினியாபொலிஸின் மாவு ஆலை அதிபர் சார்ல்ஸ் பில்ஸ்பரி அதன் தலைவர். நன்கொடைகளைத் திரட்டி, குடும்பவாரியாகக் கணக்கெடுத்து, குளிர்காலம் வருவதற்குள் சிறு வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். மினசோட்டாவின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் போகக்கூடியது. அந்தக் குளிருக்குமுன் தலைக்குமேல் கூரை வேண்டும் என்பதே வேலையை விரட்டியது.

ஸ்டேஷனைப் பழைய வரைபடத்தின்படியே, அதே இடத்தில், அந்த ஆண்டிலேயே திரும்பக் கட்டினார்கள். கீழே டிக்கெட் கொடுக்கும் அறையும் காத்திருக்கும் அறையும், மேலே ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தின் குடியிருப்பும். எல்லாம் போய்விட்ட மக்களுக்குப் பழைய முகத்தோடு ஒரு கட்டடமாவது எதிரே நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே வண்டி மறுபடியும் நிற்கும், தபால் வரும், போனவர்கள் திரும்பி வந்து இறங்க ஓர் இடம் இருக்கிறது என்ற உறுதியை அது தந்தது. முதல் வேலை இப்படிச் சீக்கிரம் முடிந்தது.

இரண்டாவது வேலை, பிழைப்பு. இதில்தான் ஒரே பாதையில் இருந்த ஊர்கள் வெவ்வேறு வழியில் பிரிந்தன. பிரென்னன் ஆலை திரும்பி வரவில்லை. அறுக்க மரம் இருந்தால்தானே ஆலை வரும்? சுற்றுவட்டாரத்துப் பைன் காடு வெட்டியும் எரிந்தும் தீர்ந்துபோயிருந்தது. ஆலையை நம்பி வந்தவர்களில் பலர் வேறு காடுகளைத் தேடிப் போனார்கள். எஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும் அடிக்கட்டைகள் நிறைந்த நிலத்தைத் திருத்தினார்கள். உருளைக்கிழங்கு போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். ஒரு கட்டையைப் பிடுங்க ஒரு நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும். ஒரு ஏக்கரில் அப்படிப் பல கட்டைகள். மரம் ஏற்றிப்போன அதே வண்டிகள் பிறகு உருளைக்கிழங்கும் பாலும் ஏற்றிப்போயின. சந்திப்பு என்ற தகுதி இருந்ததால்தான் ஹிங்க்லிக்கு இந்த மாற்றம் சாத்தியமாயிற்று.

சாண்ட்ஸ்டோனைக் காப்பாற்றியது மண்ணுக்கடியில் இருந்த கல். அங்கே ஏற்கெனவே மணற்கல் குவாரிகள் இருந்தன. நெருப்பு கல்லை என்ன செய்யும்? குவாரி வேலை தொடர்ந்தது, ஊரும் அந்தக் கல்லையே கொண்டு எழும்பியது. பார்ட்ரிட்ஜ் என்ற சிறு நிலையம் எரிந்து ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. 1906இல் டென்மார்க்கிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்களின் சங்கம் ஒன்று தங்கள் மக்களை அங்கே அழைத்து வந்து குடியமர்த்தியது. ஊருக்கு ஆஸ்கோவ் என்று பெயர் மாறியது. டர்னிப் இனத்தைச் சேர்ந்த ருட்டபேகா என்ற கிழங்கைப் பயிரிட்டு அதிலேயே பெயர் பெற்றார்கள். மிஷன் கிரீக் மக்களோ உருளைக்கிழங்கு வயலில் முகம் குப்புறப் படுத்து, அனைவரும் உயிர் பிழைத்தவர்கள். ஆனாலும் அவர்கள் ஊர் பழையபடி எழவே இல்லை. ஆளெல்லாம் பிழைத்தும் ஊர் பிழைக்காமல் போகலாம். நூற்றுக்கணக்கில் மாண்டும் ஊர் பிழைக்கலாம். மரத்துக்கு அடுத்து அந்த மண்ணில் வேறு என்ன இருந்தது, அதைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி நின்றதா என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானித்தன.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன். பொறுப்பு.

கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஆண்ட்ரூஸ் என்று ஒருவர். உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர். 1869 முதல் 1877 வரை ஸ்வீடனில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியபோது, அந்த நாட்டில் காட்டை எப்படி வெட்டுகிறார்கள், எப்படி மீண்டும் வளர்க்கிறார்கள் என்பதைக் கற்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். ஹிங்க்லி எரிவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், 1894 ஆகஸ்டில், நியூயார்க் அருகே புரூக்ளினில் கூடிய வனவியல் சங்கக் கூட்டத்தில் காட்டுத்தீயைத் தடுப்பது பற்றிக் கட்டுரை படித்தார். அதுவரை அவர் பேச்சைக் கேட்க ஆட்சியில் ஆளில்லை. 418 சாவுக்குப் பிறகு கேட்டார்கள்.

1895இல் மினசோட்டா சட்டமன்றம் காடுகளைத் தீயிலிருந்து காக்க ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு ஒரு தலைமைத் தீக்காவலர் பதவி உருவாயிற்று. ஆண்ட்ரூஸே அதில் அமர்ந்தார். ஒவ்வொரு ஊராட்சியின் தலைவர்களும் தீக்காவலர்களானார்கள். ரயில் இஞ்சின்களில் தீப்பொறி தடுக்கும் வலை இருக்க வேண்டும், பாதையோரத்தில் எரியக்கூடிய குப்பையை ரயில்வேயே அகற்ற வேண்டும் என்று சட்டம் சொன்னது. ரயில்வேயின் தீப்பொறி தனியார் விவகாரம் அல்ல, பொதுமக்களின் உயிர்ப் பிரச்சினை என்று அரசாங்கம் அங்கே எழுத்தில் ஒப்புக்கொண்டது. இதை நான் ஹிங்க்லியின் உண்மையான அடிக்கல் என்பேன்.

அடிக்கல் நாட்டினால் மட்டும் வீடு ஆகிவிடாது. ஆண்ட்ரூஸுக்குக் கொடுத்த பணம் சொற்பம். இவ்வளவு பெரிய காட்டுக்குச் சம்பளம் வாங்கும் காவலர் படை இல்லை. வெட்டிய கழிவு தரையில் கிடப்பது தொடர்ந்தது. விளைவு என்ன? 1910 அக்டோபரில் கனடா எல்லையோரத்தில் பாடெட், ஸ்பூனர் என்ற இரட்டை ஊர்கள் எரிந்தன. 1918 அக்டோபர் 12ஆம் தேதி, ஹிங்க்லிக்கு வடக்கே குளோக்கே, மூஸ் லேக் வட்டாரத்தில் மூண்ட தீயில் 453 பேர் இறந்தார்கள். குளோக்கேயை எரித்த தீ ரயில் பாதையோரத்துத் தீப்பொறியில் பிறந்தது. ஹிங்க்லிக்கு 24 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில், அதே காரணத்தால், அதைவிடக் கூடுதலான சாவு.

அந்த 1918 தீயின் வழக்கொன்று இன்றைக்கும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. 1920இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டர்சன் வழக்கு அது. ரயில்வே மூட்டிய ஒரு தீ, வேறெங்கோ பிறந்த தீகளோடு சேர்ந்து ஒருவருடைய சொத்தை எரிக்கிறது. மற்ற தீயே எப்படியும் எரித்திருக்குமே, எங்கள் மேல் ஏன் பழி என்று ரயில்வே தரப்பு கேட்கிறது. இழப்புக்கு உங்கள் தீ ஒரு முக்கியக் காரணமாக இருந்திருந்தால் நீங்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஹிங்க்லியை எரித்ததும் ஒன்று சேர்ந்த இரண்டு தீகள்தானே? பல கைகள் சேர்ந்து செய்த தவற்றில் ஒவ்வொரு கையும் மற்றதைக் காட்டித் தப்பித்துக்கொள்வது உலக வழக்கம். அந்த வழியை அடைக்க ஒரு தீர்ப்பு வர 26 ஆண்டுகள் ஆயின. 1918இல் ரயில்வே போர்க்கால அரசாங்க நிர்வாகத்தில் இருந்தது. ஆகவே பாதிக்கப்பட்டோரின் மீதி இழப்பீட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வழி செய்தது 1935இல். வீடு திரும்பக் கட்ட மூன்று மாதம், பொறுப்பை நிலைநாட்ட நாற்பது ஆண்டு. மூன்றாவது வேலை எவ்வளவு மெதுவானது என்று இந்தக் கணக்கே சொல்லும்.

பொறுப்பு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இறந்தவர்களை எண்ணுவது. 1900 செப்டம்பர் 1ஆம் தேதி, தீயின் ஆறாவது நினைவு நாளில், ஹிங்க்லியின் கல்லறைத் தோட்டத்தில் 50 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். அருகிலேயே நான்கு நீண்ட குழிகளில் 248 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த 418 என்ற கணக்கு முழுமையானதல்ல. காட்டுக்குள் முகாமிட்டிருந்த ஒஜிப்வே மக்களையும், ஊர் ஊராக வேலை தேடித் திரிந்த கூலிகளையும் அது சரிவரச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் காட்டில் எலும்புகள் கிடைத்தன. வரிக்கணக்கில் இல்லாதவர் சாவுக்கணக்கிலும் இல்லாமல் போவது கொடுமை. காட்டை விட்டுக்கொடுத்தவர்கள் ஒஜிப்வே மக்கள். அந்தக் காடு எரிந்தபோது மாண்டவர்களிலும் அவர்கள் உண்டு. கல்லில் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

வரலாறு அங்கே நின்றுவிடவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. மில் லாக்ஸ் ஒஜிப்வே சமூகம் 1992இல் ஹிங்க்லியில் ஒரு பெரிய கேளிக்கை விடுதியைத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் இன்று மிக அதிகம் பேருக்கு வேலை தருகிற நிறுவனங்களில் அது முன்னால் நிற்கிறது. பழைய ஸ்டேஷன் கட்டடம் 1976 முதல் தீயின் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேல்மாடியில் ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் வாழ்ந்த அறைகளையும் பார்க்கலாம். ரூட் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் போன பழைய பாதை, மினசோட்டாவின் சுற்றுச்சூழலுக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்த வில்லார்ட் மங்கரின் பெயரில் டுலூத் வரை நீளும் சைக்கிள் பாதையாகிவிட்டது. இன்னொரு பாதையில் சரக்கு வண்டிகள் இப்போதும் ஓடுகின்றன.

முடிவாக ஒன்று சொல்கிறேன். ஹிங்க்லியில் ரயிலுக்கு மூன்று பங்குகள் இருந்தன. காட்டைத் திறந்து தீக்கு வழி செய்ததில் பங்கு உண்டு. எண்ணூறு பேரை நெருப்பிலிருந்து இழுத்து வந்ததிலும், ஊரைத் திரும்பக் கட்டியதிலும் பங்கு உண்டு. பெஸ்டும் ரூட்டும் பிளேரும் டன்னும் காட்டிய வீரத்தை நெஞ்சாரப் போற்றுகிறேன். ஆனால் அந்த வீரத்தைச் சொல்லிச் சொல்லியே, அப்படியொரு வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை ஒரு நிறுவனமோ ஓர் அரசாங்கமோ மறைக்க விடக்கூடாது. அந்த ஊழியர்கள் கடமையின் எல்லையைத் தாண்டியும் நின்றார்கள். கிளைகளை அள்ளிப்போட வேண்டிய கம்பெனிகளும் தீப்பொறியைத் தடுக்க வேண்டிய நிர்வாகங்களும் தங்கள் கடமையின் எல்லைவரைகூட வரவில்லை.

ஆகவே நண்பர்களே, எந்த நாட்டிலும், எந்தப் பேரழிவுக்குப் பிறகும், ஓர் ஊர் மீண்டுவிட்டது என்ற செய்தியைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். வீடுகள் எழுந்தனவா? பிழைப்பு கிடைத்ததா? காரணமானவர்கள் மாறினார்களா? முதல் இரண்டுக்கும் விடையைக் கண்ணால் பார்க்கலாம், புகைப்படம் எடுக்கலாம். மூன்றாவதற்கான விடையைச் சட்டப் புத்தகத்திலும், வரவுசெலவுத் திட்டத்திலும், இறந்தவர் பட்டியலிலும் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலைச் செய்யும் மக்கள் உள்ள ஊர்தான் முழுதாக மீண்ட ஊர். அப்படித் தேடுகிறவர்களாக இங்குள்ள இளைஞர்கள் வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.